பெயர் எழுதாத அறிவித்தல்

1

நேற்றுக் காலை வேலைக்குப் போகும் ட்ராமில் நின்றுகொண்டிருந்தபோது என் போனில் பலூன்கள் பறந்தன. குறும்பதிவுகள் எழுதுகிற தளம் ஒன்றில் நான் சேர்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டதாம். வாழ்த்துச் சொன்னது. இந்த மகிழ்ச்சியை நண்பர்களோடு பகிரலாமே என்று ஒரு பொத்தானும் காட்டியது. பக்கத்தில் நின்ற வயதான பெண் பலூன்களைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளா என்று கேட்டார். இல்லை, இது வேறு என்று சொல்ல வந்தேன். இந்த நாட்டு மொழி எனக்கு அவசரத்துக்கு வராது. தலையை ஆட்டிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து வாழ்த்தினார். அதையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

இந்த ஒரு வருடத்தில் முப்பத்தொரு பதிவுகள் எழுதினேன். என் பக்கத்தில் இப்போது முப்பதுதான் இருக்கின்றன. இல்லாமல் போன அந்த ஒன்றைப் பற்றி ஊருக்கு நான் சொல்லியாக வேண்டும். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அதைப் போனில் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

முதலில் ஒன்று. இங்கே வரும் பெயர்கள் உண்மையானவை அல்ல. ஒருவருக்கு எத்தனை தங்கச்சிமார், எத்தனை பிள்ளைகள் என்பதையும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததைச் சம்பந்தப்பட்ட வீட்டுக்குப் போனில் வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகே அனுப்புகிறேன். இந்த ஒழுங்கை நான் படித்துக்கொண்ட விதம் நல்ல விதம் அல்ல.

2

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறந்தது இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனை. கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போனது சாய்ந்தமருதுக்கு. போன இடத்திலும் கால் தரிக்கவில்லை. தோணியில் போனேன். அறுகம்பேயில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் மூன்று வருடம் வெங்காயம் உரித்தேன். பிறகு வளைகுடாவில் கட்டடம் கட்டுகிற இடங்கள். பிறகு சொல்லத் தகுந்ததும் தகாததுமான சில நாடுகள். இப்போது ஜெர்மனியின் வடக்கே ஓர் ஊரில், ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்புத் துவைக்கிற இடத்தில் வேலை. பன்னிரண்டு வருடமாகிறது. ஒரே இடத்தில் நான் இவ்வளவு காலம் இருந்ததில்லை.

மெஷின் சத்தத்துக்குள் எட்டு மணித்தியாலம் யாரோடும் கதைக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் கதைக்காமல் இருக்க முடியாது. மனைவி சுபைதா கேட்ட கதையையே கேட்டுச் சலித்துப் போனாள். மகள் ஷிபாவுக்குப் பதினாறு வயது. ஆறு வயதில் உம்மாவோடு இங்கே வந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. அவள்தான் வழி சொன்னாள்.

"வாப்பா, நீங்க எங்களுக்குச் செல்ற எல்லாத்தயும் அதில எழுதுங்க. சின்னச் சின்னதா. கேக்கிற ஆக்கள் கேக்கட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று குசினிக்குள் இருந்து சுபைதா சொன்னாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் சாப்பாட்டு மேசையில் கணக்குத் திறந்தோம். என் சொந்தப் பெயரைப் போடப் போனேன். ஷிபா கையைத் தட்டிவிட்டாள். 'உப்புக்காத்து' என்று வைத்தோம். கடவுச்சொல்லுக்கு என் உம்மாவின் பெயரையும் நான் பிறந்த வருடத்தையும் சொன்னேன். டொக்டர் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவளே நீளமாக ஒன்றை வைத்து, தாளில் எழுதி அலுமாரிக்குள் ஒட்டினாள். இதற்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரியும் எடுத்துத் தந்தாள்.

முகப்புக்கு நான் ட்ராம் தரிப்பிடத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டினேன். குளிர்ச்சட்டை போட்டு நன்றாக விழுந்த படம். அவள் இரண்டு விரலால் அதை இழுத்துப் பெரிதாக்கினாள். எனக்குப் பின்னால் தரிப்பிடத்தின் பெயர். கண்ணாடிக் கதவில் எங்கள் கட்டடத்தின் இலக்கம்.

"இதுக்குள்ள எங்கட வீடு இரிக்கி வாப்பா."

என் முகத்துக்குப் பதிலாக ஒரு வாளியின் படம் போனது. பிறகு இருப்பிடத்தை நிறுத்தினாள். நான் எங்கே நிற்கிறேன் என்று எந்தப் பதிவும் சொல்லாது. போனில் உள்ள இலக்கங்களைப் பார்க்கலாமா என்று கேட்டால் இல்லை என்று அமத்த வேண்டும் என்றாள். பிடிக்காதவனோடு சண்டைக்குப் போகாமல் அவன் பார்க்க முடியாதபடி மறைப்பது எப்படி என்று காட்டினாள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மற்ற ஆட்களைப் பற்றி எழுதும்போது பெயர் எழுதக் கூடாது. நான் எழுதுகிறேன் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"பேரில்லாட்டி ஆள் ஆரெண்டு தெரியாதுதானே" என்றாள்.

அவள் வளர்ந்த நாட்டில் அது சரி.

3

தளம் கேட்ட கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. பெயர், பிறந்த திகதி, நாடு. பிறந்த திகதியில் எனக்கு இரண்டு உண்டு, பதிவு பிந்தியதால். இதே கேள்விகளைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அகதி விண்ணப்பம் எடுக்கும் ஓர் அலுவலக அறையில் கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்ல, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் முஸ்லிம் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஆம் என்பதற்கு அதுதான் சொல் என்று விளங்கப்படுத்தினேன். அதிகாரியிடம் அவர் அதைச் சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம். அந்த அறையில் ஒரு தடவை சிரித்தோம் என்பதை நான் மறக்கவில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்த கேள்வி, உங்களோடு யார் வந்தார்கள் என்பது.

ஒருத்தரும் இல்லை, தனியாகத்தான் வந்தேன் என்றேன்.

எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். யாராவது வந்தார்கள் என்றால் அவர் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால், நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் சொன்ன ஒரு வரி. அதன் மேல்தான் வதிவிட அனுமதி வந்தது, மனைவியும் மகளும் வந்தார்கள், பிறகு கடவுச்சீட்டும் வந்தது. ஆகவே ஷிபா கவனம், கவனம் என்று சொன்னபோது எனக்கு அவள் நினைத்ததைவிட நன்றாகவே விளங்கியது.

4

இரண்டு நாள் கழித்து வேலை இடைவேளையில் தளம் ஏதோ நீளமாகக் கேட்டது. பாதிதான் விளங்கியது. பெரிய பொத்தானை அமத்தினேன். சின்னதை அமத்தியிருக்க வேண்டும். போனில் இருந்த இலக்கங்களை எல்லாம் அது பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்தவர்கள் இவர்களாக இருக்கலாம் என்று வரிசையாகக் காட்டியது. வேலைத்தலத்து மேற்பார்வையாளர். ஷிபாவின் பள்ளிக்கூட ஆசிரியை. மூன்றாவதாக, முன்பின் தெரியாத ஒரு துருக்கிப் பெண். மடியில் செம்மஞ்சள் நிறப் பூனை.

ஷிபாவிடம் காட்டினேன். திட்டிவிட்டு, அனுமதியை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் இலக்கம் எங்கள் போனில் எங்கேயோ இருக்கிறது என்றாள். தேடினாள். 'மா' என்று மட்டும் எழுதிச் சேமித்த ஒரு துருக்கி இலக்கம். பாவிக்காத இலக்கத்தைக் கொஞ்ச காலத்தில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று விளங்கப்படுத்தினாள். மா யார் என்று கேட்டாள். முன்னே வேலை செய்த இடத்து ஆள் என்றேன்.

ஐந்து போன் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இலக்கத்தைக் கையால் எழுதி மாற்றினேன். ஒருநாளும் அழைத்ததில்லை. அன்றையிலிருந்து அந்தப் பெண்ணின் பக்கத்தைத் தினமும் பார்க்கத் தொடங்கினேன். அவர் என்ன எழுதுகிறார் என்று தெரியாது. பூனை ஜன்னலில் இருக்கும். பூனை சாப்பிடும். ஒரு நாள் மழைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தது. மாஹிரின் இலக்கத்தில் யாரோ உயிரோடு இருந்தார்கள்.

5

மாஹிரை ஊரில் நான் கண்டதில்லை, கேட்டிருக்கிறேன். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். தோணி வந்து மீன் மணலில் விழுந்ததும் அவர் குரல் தொடங்கும். விலையைப் பாட்டு மாதிரி ஏற்றிக்கொண்டு போவார். அலைச் சத்தத்துக்கு மேலால் வீதி வரைக்கும் கேட்கும்.

நேரில் கண்டது இஸ்தான்புல்லில், பதினாலு பேர் தங்கிய ஓர் அறையில். யாரிடமோ தேத்தண்ணி கேட்டேன். மூலையில் இருந்து அந்தக் குரல் வந்தது.

"மச்சான், நீ எங்கட பக்கத்து ஆளெலா?"

அதன் பிறகு மூன்று கிழமை ஒரே பாயில் படுத்தோம். அவர் ஊருக்கு மனைவியோடு கதைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மனைவியின் பெயர் றமீஸா என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது பிள்ளை வயிற்றில். ஊர் ஆள் ஒருத்தர் கூட இருக்கிறார், பயப்படாதே என்று சொன்னார். யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாஹிர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையை ஆட்டி, பேரச் சொல்லாதே என்று சைகை காட்டினேன். நான் வளைகுடாவை விட்டு வந்தது அப்போது என் வீட்டுக்குத் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டு, அவர் வெக்கப்படுகிறார் என்று சொல்லிவிட்டார். அதுதான் அவர் மனைவியோடு கடைசியாகக் கதைத்தது.

ஆற்றைக் கடந்தது சுபஹு நேரம் கழிந்து, வெளிச்சம் வந்தும் வராத பனிமூட்டத்தில். நாங்கள் ஏழு பேர். கூட்டிக்கொண்டு போனவன் ஒரு கயிற்றைத் தந்து, என்ன நடந்தாலும் சத்தம் வரக் கூடாது, ஒருவர் சத்தம் போட்டால் எல்லோரும் பிடிபடுவோம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். எனக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் கடைசியாக மாஹிர். கடல் பழகியவர்கள்தான் நாங்கள் இருவரும். ஆற்றுத் தண்ணீர் அப்படி அல்ல. உப்பு இல்லாத தண்ணீர் ஆளைத் தாங்காது. குளிர் எலும்புக்குள் போய்விட்டது. நடுவில் என் பின்னால் கயிறு தளர்ந்தது.

திரும்பினேன். நாலு பாகம், நாலு ஆள் நீளம் தள்ளி அவர் தலை தெரிந்தது. என்னைத்தான் பார்த்தார். வாய் மூடியிருந்தது. இறுக்கி மூடியிருந்தது. பிறகு பனி.

அவர் கத்தவில்லை. நானும் கத்தவில்லை. முன்னால் இருந்து இழுத்தார்கள், போனேன். அக்கரையில் ஆறு பேர் நின்றோம். யாரும் எண்ணவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.

6

முதல் முப்பது பதிவுகளும் தீங்கில்லாதவை. விரிப்புகளுக்குள் அகப்பட்ட கட்டுப்பல் செற்றைப் பற்றி எழுதினேன். அறுகம்பேயில் அலைக்குப் பலகையோடு காத்திருந்த வெள்ளைக்காரர் கடைசியில் தேங்காய்ச் சம்பலுக்குக் காத்திருக்கப் பழகியதைப் பற்றி எழுதினேன். ஊர்ப் பக்கத்து ஆட்கள் கூடினார்கள். உப்புக்காத்து யார் என்று தங்களுக்குள் பந்தயம் பிடித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை யாரும் காணவில்லை, எல்லோரும் கேட்டார்கள்.

இந்த வருடமும் நோன்புப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் வந்தது. இடைவேளையில் அழுக்கு விரிப்பு வண்டியில் இருந்துகொண்டு போனை எடுத்தேன். பன்னிரண்டு வருடமாக அவருக்கு ஓர் அறிவித்தல் இல்லை என்பது மனதில் நின்றது. ஊரில் ஒரு மௌத்து, ஒரு மரணம் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்லி விட்டுவிட மாட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பெயருக்கு இருபது பேர். இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பனார், இன்னாருக்கு அண்ணனான காக்கா, இன்னாரின் மருமகன், இன்ன தொழில் செய்தவர் என்று உறவை எல்லாம் கோத்துக் கடைசியில்தான் நிறுத்துவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறவன் பாதியிலேயே ஆளைப் பிடித்துவிடுவான்.

அந்த முறையிலேயே எழுதினேன். பெயர்களை மட்டும் எடுத்தேன்.

"ஜனாஸா அறிவித்தல். அன்னார் நாலு தங்கச்சிமாருக்கு ஒரே காக்கா. மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பனார். கடைசிப் பிள்ளையின் முகத்தைக் கண்டதில்லை. கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். தூர தேசத்து ஆறு ஒன்றில் வபாத்தானார். நல்லடக்கம் நடைபெறவில்லை."

ஷிபா சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெயர் இல்லை. ஊர் இல்லை. படம் இல்லை. இருப்பிடம் நிறுத்தியிருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால் ஷிபாவும் சரி என்றே சொல்லியிருப்பாள். அனுப்பிவிட்டு, போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வேலைக்குப் போனேன். மனம் லேசாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

7

வேலை முடிந்து பார்த்தபோது பதில்கள் நிரம்பியிருந்தன. ஒருவர், இது ஏலக்கார மாஹிரா என்று கேட்டிருந்தார். அடுத்தவர் வீதியை எழுதியிருந்தார். இன்னொருவர் மாமனாரின் பெயரை. இன்னா லில்லாஹி என்று தொடங்கி, றமீஸாவுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பொறுமையைக் கொடுப்பானாக என்று முழுப் பெயரோடு பலர். நான் எடுத்துவிட்டவற்றை எல்லாம் ஊர் ஒரு மணித்தியாலத்தில் திருப்பி வைத்திருந்தது. நாலு தங்கச்சிமாருக்கு ஒரே காக்காவாக, மூன்று பெண்பிள்ளைகளோடு, ஏலம் கூறி, வெளிநாட்டில் காணாமல் போனவர் எங்கள் கரையில் ஒருவர்தான். எனக்கு அது தெரியாதா? நானும் அந்த ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்தவன்தானே.

எல்லாவற்றுக்கும் கீழே, படம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து இரண்டு வரி: நீங்கள் யார்? எங்கள் வாப்பாவைப் பற்றியா எழுதியிருக்கிறீர்கள்?

ட்ராமில் நின்றபடியே பதிவை அழித்தேன். அதற்குள் அதைப் படமாகப் பிடித்து ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்கள்.

அந்த வீட்டில் அன்று நடந்ததைப் பிறகு அந்த இரண்டு வரியை எழுதிய மூத்த மகள் சொன்னாள். றமீஸா பின்னேரச் சாப்பாட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதிருக்கிறாள். அந்தப் பெண்ணின் வீட்டில்தான் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று றமீஸா நினைத்துவிட்டார். அவளை இருத்தி, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, "ஆரு புள்ள மௌத்து?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் பதில் சொல்ல முடியாமல் போனை நீட்டியிருக்கிறாள்.

அவள் இதைச் சொல்லி முடித்த பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. வெளியே போய் நடந்தேன். எங்கே நடந்தேன் என்று நினைவில்லை.

என்னை மறைப்பதற்கு நான் எல்லாம் செய்திருந்தேன். மறைக்க வேண்டியது என்னை அல்ல.

8

மூத்த மகளுக்கு என் உண்மைப் பெயரையும் போன் இலக்கத்தையும் அனுப்பினேன். அதற்கு முன் சுபைதாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றைப் பற்றிக் கனவில் கதைப்பீர்கள் என்று மட்டும் சொன்னாள். ஒரு சனிக்கிழமை முற்பகலில் றமீஸாவின் அழைப்பு வந்தது. சுபைதா பக்கத்தில் இருந்தாள்.

"நீங்களா அந்த ஊர் ஆள்?"

"ஓம் தங்கச்சி."

அங்கே சேவல் கூவுவது கேட்டது.

"பன்னெண்டு வருசமா ஒங்களத் தேடின நான். வெளிநாட்டால வாற எல்லாருக்கிட்டயும் கேட்ட. சாய்ந்தமருதில ஒரு கலியாண ஊட்ட ஒங்கட பொண்டாட்டிக்கிட்டயும் கேட்ட. மறந்திருப்பாங்க."

சுபைதா மறக்கவில்லை. தலை குனிந்துகொண்டாள். தன் கணவன் வேறு பாதையால் வந்தவர் என்று நம்பித்தான் அவள் அன்று தெரியாது என்று சொல்லியிருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். கயிறு, பனி, மூடிய வாய். அலுவலகத்தில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். முடிந்ததும், "நீங்க கத்தல்லியா?" என்றார். இல்லை என்றேன். "அவரும் கத்தல்லியா?" என்றார். அவரும் இல்லை என்றேன்.

பிறகுதான் கேட்டார்.

"ஊருக்குச் செல்ல முன்னம் எனக்குச் செல்லியிருக்கலாமே காக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பது போலக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

திகதியைக் கேட்டார். நோன்புப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் என்றேன். விரல்விட்டு எண்ணுவது எனக்குக் கேட்டது போல இருந்தது. மௌலவியிடம் விசாரித்தாராம். கணவன் மௌத்தான நாளிலிருந்துதான் இத்தாவின், அதாவது விதவை அலங்காரம் விட்டு ஒதுங்கியிருக்கும் காலத்தின் கணக்கு; வயிற்றில் பிள்ளை இருந்ததால் அது பிறந்ததோடு முடிந்துவிட்டது, செய்தி பிந்தி வந்தாலும் இனி இருக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்குத் தெரியாமலே என்ட இத்தா முடிஞ்சு பெய்த்து" என்றார். "அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகு என்ட தங்கச்சிட கலியாணம். அதுக்குள்ளதானே வரும்? நான் வயித்தோட செவப்புச் சாறி உடுத்த. தலையில பூ வெச்ச. அவரு வந்தாக் காட்டுறத்துக்குப் போட்டோவும் புடிச்சு வெச்சிரிக்கன் காக்கா."

போனைச் சுபைதா வாங்கிக்கொண்டாள். அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

9

அடுத்த வெள்ளிக்கிழமை மருதமுனைப் பள்ளிவாசலில் மாஹிருக்கு, உடல் இல்லாமலே, ஜனாஸாத் தொழுகை நடந்தது. அறிவித்தலை மூத்த மகள் போனில் பதிந்து அனுப்பினாள். பெயர், வீதி, கணவர், தகப்பனார், காக்கா, மருமகன், எல்லாம் முறையாக வந்தன. தேவையில்லை என்று சொல்லியும் றமீஸா வெள்ளை உடுத்தி, வழமையான நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். பிள்ளைகள் மறிக்கவில்லை. அந்த நாட்களில் அவர் என்னோடு கதைக்கவில்லை. அன்னிய ஆணோடு கதைப்பது முறையும் அல்ல.

அதற்கிடையில் நான் அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதியது ஷிபா, சொன்னது நான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தனியாக வந்தேன் என்று சொன்னேன், என்னோடு ஒருவர் வந்தார், இன்ன பெயர், இன்ன நாளில் ஆற்றில் போனார், அந்தப் பக்கத்தில் பெயர் தெரியாமல் அடக்கியவர்களில் அவர் இருக்கலாம் என்று. கடவுச்சீட்டைத் திருப்பி எடுப்பார்களா என்று சுபைதா கேட்டாள். தெரியாது என்றேன். பதில் இன்னும் வரவில்லை. தபால்பெட்டியை இப்போது நாளுக்கு இரண்டு தடவை திறந்து பார்க்கிறேன். அவ்வளவுதான்.

ஷிபாவுக்கு அந்தக் கடிதத்தில்தான் முழுக் கதையும் தெரிந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இந்த நாட்டு மொழியில் அடித்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மா என்பது அவரா என்று கேட்டாள். ஓம் என்றேன். எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மீதியை அடித்தாள்.

இத்தா முடிந்த மறுநாள் றமீஸா அழைத்தார். சலாம் சொல்லிவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"எடத்தக் காட்டுங்க."

எனக்கு இடம் தெரியாது. எந்த நாட்டு எல்லை என்பதுகூடப் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது. ஷிபா மேலிருந்து எடுத்த வரைபடத்தைத் திறந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், கணக்குத் திறந்த அதே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்து அந்த ஆற்றை மேலும் கீழும் தேடினோம். அக்கரையில் வரிசையாக நெடிய மரங்கள், ஒரு செங்கல் சுவர், கூரை விழுந்த மாட்டுத் தொழுவம். எனக்கு நினைவில் இருந்தவை அவை. மரங்கள் இப்போது இல்லை. தொழுவம் இருந்தது. ஆறு அந்த இடத்தில் முழங்கை மாதிரி வளைகிறது. மேலிருந்து பார்க்க ஒடுங்கிய ஆறு. மாவடிப்பள்ளி வயல் வாய்க்காலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் போனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். ஷிபா என் முதுகில் கையை வைத்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் கடைசியாக அப்படி வைத்தவள்.

விரலால் வளைவின் மேல் அமத்தினேன். சிவப்புக் குறி ஒன்று குத்தி நின்றது. இருப்பிடத்தைத் திறக்க அனுமதி வேண்டும் என்று போன் கேட்டது. ஒரு வருடத்துக்கு முன் ஷிபா நிறுத்திவைத்தது. அவளே திறந்தாள். யாருக்கு அனுப்புவது என்று கேட்டது. ஒரேயொரு பெயரைத் தொட்டேன். அனுப்பிவிட்டு அவள் மறுபடி நிறுத்தினாள்.

இரண்டு சரி அடையாளம் விழுந்து நீலமானது. கண்டேன் என்று எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து, ஆற்றுக்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

அதுவரை எனக்கும் தெரியாது. ஷிபா வரைபடத்தைப் பெரிதாக்கி, நீலக் கோட்டின் மேல் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். நான் தமிழில் எழுதினேன். சரியா என்று அவளிடம் திரும்பச் சொல்லிக் காட்டிவிட்டு, அனுப்பினேன்.

இங்கே அதை எழுதவில்லை. அது அந்த வீட்டுக்கு உரியது.